பதினொராவது கையொப்பம்

கூட்டு வியாபாரத்தின் சங்கடங்களைத் தெரிந்துகொள்ளச் சந்தைக்குப் போக வேண்டியதில்லை. ஐந்து நாட்டு ஏரி விஞ்ஞானிகளை ஒரே விண்ணப்பத்தில் கையொப்பமிடச் சொல்லிப் பார்த்தால் போதும். ஆளுக்கொரு விலை, ஆளுக்கொரு கோபம், தன் பெயர் முதல் வரியில் வர வேண்டும் என்ற ஆசை மட்டும் எல்லாருக்கும் பொது. லுசேர்ண் நகரத்து ஏரி ஆராய்ச்சி நிலையமொன்றில் சரணியாவுக்கு இவர்களைக் கட்டி மேய்ப்பதுதான் உத்தியோகம். அந்தப் பதவியின் ஜெர்மன் பெயர் ஒரு ரயில் பெட்டி நீளம். அவள் கணவன் கோபிசன் அதைச் சுருக்கித் 'தரகு' என்பான்.

சரக்கு என்னவோ நல்ல சரக்குத்தான். அல்ப்ஸ் மலையைச் சுற்றியுள்ள ஏரிகளின் அளவை மிதவைகள், படகுகள், ஆய்வுகூடங்கள், பழைய பதிவேடுகள் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிணைத்து, எந்த நாட்டு ஆராய்ச்சியாளரும் எந்த நாட்டு ஏரியிலும் இறங்கி அளக்கலாம் என்று ஆக்குவது. அதற்கு ஐரோப்பிய ஒன்றியத்திடம் ஐந்து வருடத்துக்கு நிதி கேட்பது. பங்காளிகள் பதினொரு நிலையங்கள். மார்ச் மாதத்து ஒரு புதன்கிழமை, பின்னேரம் ஐந்து மணிக்கு பிரஸ்ஸல்ஸ் கதவைப் பூட்டிவிடும். ஐந்து மணி ஒரு நிமிடத்துக்குப் போய் எந்தக் கொம்பன் தட்டினாலும் திறக்காது.

அதற்கு முந்திய திங்கட்கிழமை பத்துப் பேர் ஒப்பமிட்டு முடித்திருந்தார்கள். பதினொராவது ஆள் மூச்சுக் காட்டவில்லை.

அந்தப் பதினொராவது நிலையம் மஜ்ஜோரே ஏரியின் இத்தாலிக் கரையில், சுவிஸ் எல்லையைத் தாண்டிய உடனே இருந்தது. இரண்டு அறை, ஒரு படகு, ஒரு மிதவை. பெட்டிக்கடை மாதிரித்தான். ஆனால் எழுபது வருடமாக ஒரு கிழமை விடாமல் ஏரித்தண்ணீரின் வெப்பத்தை அளந்து எழுதிய பதிவேடு அங்கேதான் இருந்தது. பெரிய கட்டடம் வைத்திருந்த மற்றப் பத்துப் பேரிடமும் அப்படி ஒன்று கிடையாது.

நிலையத்தை நடத்தியவர் ரெனாட்டா. சுவிஸ் ஐரோப்பிய ஆராய்ச்சி நிதிக்கு வெளியே நின்ற வருடங்களில் சுவிஸ்காரர் எவரும் கூட்டுக்குத் தலைமை தாங்க முடியாமல் இருந்தது. அப்போது தலைமைக் கதிரையில் அமர்ந்து, லுசேர்ணையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவர் அவர்தான். சுவிஸ் திரும்ப உள்ளே வந்ததும், ஒருவரும் கேட்பதற்கு முன், 'இது உன் கதிரை, சூடு ஆறாமல் வைத்திருக்கிறேன்' என்று சரணியாவுக்கு எழுதினார். கிடைத்த கதிரையை யாரும் கேளாமலே விட்டெழும்பிய ஆளைச் சரணியா அதற்கு முன் கண்டதில்லை.

ஜனவரிக் கடைசியில் ரெனாட்டா திடீரென்று இறந்துபோனார். நிலையத்தின் பொறுப்பு அவருடைய கணவர் டாரியோவின் தலையில் வந்து விழுந்தது. டாரியோ நிலையத்துப் படகோட்டி. மிதவைக்குக் கயிறு மாற்றவும், புயல் வரும் நேரத்தை மூக்கால் சொல்லவும் தெரிந்த மனிதர். ஏழு கிழமையாக, ஒன்றரை மாதத்துக்கு மேல், எந்தக் கடிதத்துக்கும் பதிலில்லை. தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது.

"எத்தனை தரம் எழுதினாய்?" என்று கேட்டார் நிலையத்தின் இயக்குநர் ஊர்ஸ்.

"பன்னிரண்டு."

ஊர்ஸ் கெட்டவர் இல்லை. மணிக்கூட்டோடு கூடப் பிறந்தவர், அவ்வளவுதான். "நாளை இரவுக்குள் கையொப்பம் வராவிட்டால் அவர்களை எடுத்துவிட்டு வேறு நிலையத்தைப் போடுகிறேன்" என்றார். "இந்த நிதி இல்லையென்றால் கோடையோடு அந்த இடத்தை மூடிவிடுவார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒருவருக்காகப் பத்துப் பேரை மூழ்கடிக்க என்னால் முடியாது."

சரணியா எம்மன்புரூக்கேயில் இருந்த தன் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக் கதிரையில் இருந்தாள். கோபிசன் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான். லுசேர்ணில் ஏரிக்கரை ஹோட்டலொன்றில் அவன் சமையல்காரன். பத்தொன்பது வயதில் சாவகச்சேரியிலிருந்து சுவிசுக்கு வந்து, இன்டர்லாக்கனில் ஓர் இத்தாலியத் தலைமைச் சமையல்காரரிடம் ஏழு வருடம் திட்டு வாங்கி வேலை பழகியவன். சரணியா இங்கேயே பிறந்தவள். ஊர் முறைகளில் அவன் சொல்வது பாதி, அவள் நம்புவது அதில் பாதி.

"அந்தாளுக்கு என்ன எழுதினனீர்? வாசியும் பாப்பம்."

அவள் கைபேசியைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "'ரெனாட்டாவின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள். உங்களை நினைத்துக்கொள்கிறோம். இத்துடன் உள்ள படிவத்தில் வெள்ளிக்கிழமைக்கு முதல் ஒப்பமிட்டு அனுப்பவும்.'"

கத்தி நின்றது.

"செத்தவீட்டுக்கு அற்றாச்மென்ற் அனுப்பினனீரோ?"

"இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான் எழுதுறவை, கோபி."

"எல்லாரும் எழுதட்டும். ஏழு கிழமையா ஒருத்தரும் அந்த வாசலுக்குப் போகேல்லை. உங்கட அப்பான்ர செத்தவீட்டுக்கு ஆர் ஆர் வரேல்லை எண்டு சொல்லும் பாப்பம்."

சரணியா குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள். அப்பா போய் மூன்று வருடம். வராத நான்கு குடும்பத்தின் பெயரும் முகவரியோடு அவளுக்கு மனப்பாடம்.

"நாளைக்கு எனக்கு ஃப்ரை" என்றான் கோபிசன். அவனுடைய விடுமுறை நாளுக்குக் குசினியில் வழங்கும் பெயர் அதுதான். "போவம்."

"போய் என்ன செய்யிறது? அவருக்கு இங்கிலிசும் வராது, ஜெர்மனும் வராது. எழுத்தெல்லாம் ரெனாட்டாதான். எனக்கு இத்தாலியன் வராது."

"எனக்கு வரும்."

"உங்கட இத்தாலியன் குசினி இத்தாலியன்."

"அங்க என்ன பாராளுமன்றத்திலயோ கதைக்கப் போறம்? ஆனா ஒண்டு சரணி. ஃபோர்ம் கொண்டு வரப்படாது. துக்கம் விசாரிக்கிற வீட்டில அலுவல் கதைக்கிறேல்லை."

"புதன் அஞ்சு மணியோட முடிஞ்சுது, கோபி."

"தெரியும். ஆனா கேட்டீரெண்டா, நீர் வந்ததே அதுக்குத்தான் எண்டு ஆகிப்போம்."

அடுத்த நாள் விடிய அவன் சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் சமைத்துக் குளிர்பெட்டியில் அடுக்கினான். சரணியா படிவத்தை மேசையில் வைத்துவிட்டு, மடிக்கணினியை மட்டும் பைக்குள் செருகினாள். மடிக்கணினி படிவம் ஆகாதல்லவா.

கோட்ஹார்ட் சுரங்கம் முழுக்கக் கோபிசன் கைபேசியைப் பார்த்து இத்தாலிய அனுதாப வசனமொன்றை முணுமுணுத்துக்கொண்டே வந்தான். எதிரே இருந்த பெண் அவன் ஏதோ பிரார்த்தனை செய்கிறான் என்று நினைத்து இடம் மாறி இருந்தாள். லொக்கார்னோவில் கமேலியாப் பூக்கள் வந்திருந்தன. அங்கிருந்து பஸ் ஏரிக்கரையால் வளைந்து வளைந்து பிரிஸாகோவில் இறக்கிவிட்டது. சுவிஸின் கடைசி ஊர். ரெனாட்டா பிறந்த வீடும், அவரும் டாரியோவும் குடியிருந்த வீடும் அங்கே ஒன்றுதான். டாரியோ தினமும் எல்லை கடந்துபோய் வேலை செய்பவர்.

கதவைத் திறந்த மனிதர் உயரமாக, சவரம் செய்யாமல், நல்ல வெயில் நாளில் கம்பளிச் சட்டையோடு நின்றார். சரணியா தன் பெயரைச் சொன்னாள். அந்தப் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. முகம் இறுகிற்று.

கோபிசன் முன்னுக்கு வந்தான். சுரங்கத்தில் பாடமாக்கிய வசனம் சுரங்கத்திலேயே தங்கிவிட்டது. ஏழு வருடம் இன்டர்லாக்கன் குசினியில் மற்றவர்கள் அவனைப் பார்த்துச் சொன்னவையும் அவன் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னவையும்தான் வாயில் வந்தன.

"சாப்பிட்டனியா?" என்றான் இத்தாலியனில். டாரியோ இல்லை என்று தலையாட்டினார். "இரு. அடுப்பு எங்க? நான் பாக்கிறன்."

அறுபது வயது மனிதரை முன்பின் தெரியாத ஒருவன் அவருடைய வீட்டிலேயே அதட்டி இருத்தினான். டாரியோ போய் இருந்தார். யாராவது தன்னை இரு என்று சொல்ல மாட்டார்களா என்று ஏழு கிழமையாக நின்றுகொண்டே இருந்தவரைப் போல இருந்தார்.

தொட்டிக்குள் ஒரு கோப்பை, ஒரு முள்ளுக்கரண்டி, ஒரு குவளை. கோபிசன் அவற்றைக் கழுவினான். சோற்றைச் சூடாக்கினான். டாரியோ முதல் வாயில் கொஞ்சம் இருமினார். பிறகு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். சரணியா எதிரே கைகளை மடியில் வைத்தபடி இருந்தாள். பை அவள் காலடியில் கல்லைப் போலக் கிடந்தது.

சாப்பிட்ட பிறகுதான் அவர் கதைத்தார். கோபிசன் துவாயில் கை துடைத்தபடி தமிழில் சொன்னான்.

"ஊர்ச்சனம் எல்லாம் வந்ததாம். வேலையால ஒருத்தரும் வரேல்லையாம். நாங்கள்தான் முதல் ஆக்களாம்."

"பிந்தி வந்திட்டம், மன்னிச்சுக்கொள்ளச் சொல்லுங்கோ."

"அதைச் சோறு போடேக்கையே சொல்லிப்போட்டன்."

டாரியோ எழுந்து, அலுமாரிக்கு மேலிருந்த மடிக்கணினியை எடுத்து வந்து மேசையில் வைத்தார். ரெனாட்டாவுடையது. திறந்து, திரையைச் சரணியாவின் பக்கம் திருப்பினார். வரிசையாக மின்னஞ்சல்கள். எல்லாம் ஒரே அச்சு. எல்லாம் காலை எட்டு மணி.

'அன்புள்ள ரெனாட்டா, கூட்டு விண்ணப்பத்தில் உங்கள் பகுதி இன்னும் முடிவடையவில்லை. உங்களுக்காகக் காத்திருக்கிறோம்.'

சரணியாவுக்குக் காது இரண்டும் கொதித்தன. ஜனவரி மாதம் அவளே செய்துவைத்த ஏற்பாடு. யார் ஒப்பமிடவில்லையோ அவருக்கு அது ஒவ்வொரு நாளும் தானாகவே போகும், ஒப்பமிடும்வரை போய்க்கொண்டே இருக்கும். நிலையத்தின் தொடர்பாளர் என்ற இடத்தில் இன்னும் ரெனாட்டாவின் பெயர்தான் இருந்தது. டாரியோ அதை மாற்றட்டும் என்று அவள் காத்திருந்தாள். செத்துப்போன மனுசிக்கு நாற்பத்தைந்துக்கு மேல் நினைவூட்டல் போயிருந்தது.

"கோபி, மன்னிப்புக் கேளுங்கோ. இது நான் விட்ட பிழை. இப்பவே நிப்பாட்டுறன் எண்டு சொல்லுங்கோ." பையைத் திறந்து தன் மடிக்கணினியை எடுத்தாள். கோபிசன் அதை ஒரு பார்வை பார்த்தான். வீட்டுக்குப் போய்க் கதைப்போம் என்ற பார்வை. பிறகு மொழிபெயர்த்தான்.

டாரியோவின் பெரிய கை நீண்டுவந்து அவளுடைய மடிக்கணினியை மெதுவாக மூடியது. கதைத்தார். நெடுநேரம் கதைத்தார். கோபிசன் துவாயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"நிப்பாட்ட வேண்டாமாம்" என்றான்.

"என்ன?"

"பாங்க்காரர் அவவின்ர பேரை எடுத்துப்போட்டினமாம். டெலிபோன்காரர் எடுத்துப்போட்டினமாம். வாசல் மணியில இருந்த பேரைக்கூட ஆரோ உதவி எண்டு நினைச்சுக் கழட்டிப்போட்டினமாம். காலமை எட்டு மணிக்கு இது மட்டும்தான் 'அன்புள்ள ரெனாட்டா' எண்டு வருதாம். இன்னும் வேலை மிச்சம் கிடக்கு, வா எண்டு கூப்பிடுதாம். தான் கோப்பியோட இருந்து வாசிக்கிறவராம்." கோபிசன் கீழே வைத்த துவாயைத் திரும்ப எடுத்தான். "கையெழுத்து வைச்சா நிண்டுபோம் எண்டு தெரியுமாம். அதுதான் வைக்கேல்லையாம்."

குசினிச் சன்னலுக்கு வெளியே ஏரியில் ஒரு படகு போனது. சரணியா ஏழு கிழமையாக அந்த மனிதரின் கோபத்துக்குப் பதில் தயார்செய்து வைத்திருந்தாள். பெரிய பதில், சின்னப் பதில், கெஞ்சுகிற பதில். ஒன்றும் இப்போது உதவவில்லை. கையொப்பத்தைக் கேட்டால் அவருடைய ஒற்றைக் கடிதத்தைப் பறித்த மாதிரி. கேளாவிட்டால் நாளை இந்த நிலையம் கூட்டை விட்டுப் போகும், கோடையோடு ரெனாட்டாவின் பதிவேடும் போகும். வாங்கவும் வழியில்லை, விட்டுவரவும் வழியில்லை.

அவள் மடிக்கணினியைத் திரும்பத் திறந்தாள். இம்முறை டாரியோ தடுக்கவில்லை.

ஒன்றியத்தின் விண்ணப்ப இணையப் பக்கத்தில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஆட்களின் பட்டியல் உண்டு. ரெனாட்டாவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குப்பைத்தொட்டிப் படம். அதை அழுத்தினால் பெயர் போய்விடும். அதற்கும் பக்கத்தில், யாரும் அதிகம் தொடாத இன்னொரு சின்னப் பெட்டி. முழு அனுமதி. வாசிக்க மட்டும் அனுமதி.

"கோபி, இதை அப்பிடியே சொல்லுங்கோ. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

"சொல்லும்."

"நான் அவவின்ர பேரை எடுக்க மாட்டன். இவரின்ர பேரை மேல போட்டிட்டு அவவை ஒரு படி கீழ வைக்கிறன். வாசிக்க மட்டும் அனுமதி. இந்த வேலையில நடக்கிற எல்லாத்தையும் அவ பாக்கலாம். ஒண்டையும் மாத்த ஏலாது."

கோபிசன் திரையை எட்டிப் பார்த்தான். "செத்துப்போன ஆக்கள் அப்பிடித்தானே இருக்கிறவை."

"அதைச் சொல்லாதையுங்கோ."

டாரியோ என்னவென்று கேட்டார். கோபிசன் அதையும் சேர்த்தே சொன்னான். டாரியோவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று சரணியா பயந்தாள். பார்த்தால் சிரிப்பு. சிரிப்பு முடிகிற இடத்தில் கொஞ்சம் அழுகையும் இருந்தது. கோபிசன் குவளையில் தண்ணீர் வார்த்துக் கொடுத்து, "குடி" என்று அதட்டினான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு டாரியோ கேட்ட அடுத்த கேள்வி சுத்தமான சந்தைக் கேள்வி.

"கடிதம் வருமோ எண்டு கேக்கிறார்."

"கூட்டுக்குத் தலைமை நாங்கள்தானே. அறிக்கை அனுப்பேக்க எல்லாருக்கும் போகும். மாசத்துக்கு ஒண்டு."

கோபிசன் சொன்னான். டாரியோ மேசையில் விரலால் தட்டினார்.

"ஒவ்வொரு நாளும் வேணுமாம்."

"பதினொரு நிலையத்துக்கும் ஒவ்வொரு நாளும் கடிதம் போட்டா ஊர்ஸ் என்னைத் தூக்கி ஏரியில போடுவார். மாசத்துக்கு ரெண்டு எண்டு சொல்லுங்கோ."

கோபிசன் அதைச் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் நான்கு வசனம் சொல்லியிருக்கலாம். டாரியோ அவன் பக்கம் சாய்ந்து பதில் சொன்னார். அவன் திரும்பி, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "கிழமைக்கு மூண்டாம்" என்றான்.

"அவர் சொல்லுறாரோ, நீங்கள் சொல்லுறியளோ?"

"ரெண்டு பக்கமும் இறங்கி வரவேணும் சரணி. நீர் ரெண்டில நிண்டா எப்பிடி?"

"நீங்கள் ஆரின்ர பக்கம்?"

"எனக்கென்ன, நான் சோறு கொண்டந்த ஆள்."

"கிழமைக்கு ஒண்டு. திங்கட்கிழமை. அவவின்ர பேர் முதலாவதா இருக்கும். இதுக்கு மேல ஒரு சதமும் ஏறாது."

டாரியோவுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. அவளுடைய ஒற்றை விரலைப் பார்த்தார். தானும் ஒரு விரலைக் காட்டினார். பிறகு எட்டு விரல்.

"எட்டு மணிக்கு" என்றாள் சரணியா.

"எவ்வளவு காலத்துக்கு எண்டு கேக்கிறார்."

"காசு கிடைச்சா அஞ்சு வருசம்."

"கிடைக்காட்டி?"

"கிடைக்காட்டி அடுத்த முறை திரும்பப் போடுவம். அப்பவும் அந்தப் பேர் அதிலதான் இருக்கும்."

டாரியோ தலையாட்டினார். சரணியாவின் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, திரையில் ஒப்பமிடும் இடத்தில் இரண்டு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தன் பெயரை அடித்தார். ஒப்பம் ஏறியபோது மணி மூன்று இருபது. சரணியா அதை வாய்விட்டுக் கேட்கவேயில்லை என்பதை அவளே அப்போதுதான் கவனித்தாள்.

புறப்படும்போது கணவனும் மனைவியும் போய்விட்டு வருகிறோம் என்று சொல்லவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் அதைச் சொல்வதில்லை என்று இருவருக்கும் தெரியும். டாரியோவுக்கு அது தெரியாது. பஸ் தரிப்பிடம்வரை கூடவே நடந்துவந்து, மே மாதம் தண்ணீர் அடங்கிவிடும், வந்தால் படகில் மிதவைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். கழுவிய சோற்றுப் பாத்திரத்தைக் கையில் தந்தார்.

பஸ் இரண்டு வளைவு திரும்பும்வரை கோபிசன் பொறுத்தான்.

"ஃபோர்ம் கொண்டு வரப்படாது எண்டு சொன்னனான்."

"கொண்டு வரேல்லையே."

"லாப்டொப்?"

"அது எப்பவும் என்னோட வாற சாமான்."

கோபிசனின் அப்பா சாவகச்சேரியில் புடவைக்கடை வைத்து, கடன் கொடுத்தே கடையை முடித்தவர். "எங்கட அப்பான்ர கடையில நீர் நிண்டிருந்தா" என்றான் அவன், "மனுசன் பணக்காரனாச் செத்திருக்கும்." பிறகு அவளுடைய கையை எடுத்துக் குளிர்பெட்டியின் மேல் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். பெலின்சோனாவரை அவன் அதை விடவில்லை. அவளும் இழுக்கவில்லை.

புதன்கிழமை பின்னேரம் மணி நான்கு பத்துக்கு விண்ணப்பம் பதினொரு ஒப்பத்தோடும் போய்ச் சேர்ந்தது. அதற்கு முன் ஊர்ஸ் பட்டியலை ஒருமுறை பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இவர் இறந்துவிட்டார் அல்லவா?"

"ஓம். வாசிக்க மட்டும்தான் அனுமதி. ஒன்றையும் மாற்ற முடியாது" என்றாள் சரணியா.

ஊர்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை. "இதற்குத் தடை என்று எந்த விதியிலும் நான் வாசிக்கவில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

திங்கட்கிழமை காலை ஏழு ஐம்பதுக்குச் சரணியா வெறும் திரையைப் பார்த்தபடி இருந்தாள். பேரம் பேசும்போது நாளைப் பற்றியும் மணியைப் பற்றியும் பேசினார்கள். என்ன எழுதுவது என்று யாரும் பேசவில்லை. அறிக்கை இல்லை, செய்தி இல்லை, காசு கிடைத்ததா என்று தெரிய ஆவணிக்கு மேல் ஆகும். கடைசியில் எல்லைக்கு அப்பாலிருந்த மிதவையின் அன்றைய அளவைத் தேடி எடுத்தாள்.

'அன்புள்ள ரெனாட்டா, அன்பான பங்காளிகளே, இன்று காலை மேல்தண்ணீரின் வெப்பம் ஏழு தசம் ஆறு பாகை.'

எட்டு மணிக்கு அனுப்பினாள். எட்டு மணி ஒன்பது நிமிடத்துக்கு ரெனாட்டாவின் முகவரியிலிருந்து இத்தாலியனில் பதில் வந்தது. அவள் அதைக் கோபிசனுக்குத் தட்டிவிட்டாள். ஹோட்டல் குசினியிலிருந்து அவன் குரல் பதிவில் வாசித்தான். பின்னால் சட்டிகள் மோதின.

"'ஏழு தசம் ஆறு இல்லை, நாலு. வெயில் படுற நாளில மிதவைக் கருவி ரெண்டு தசம் கூடக் காட்டும். ரெனாட்டா அதைக் கழிச்சுத்தான் எழுதுறவ. இப்பிடிப் பிழையான கணக்கை அவவுக்கு அனுப்பாதையுங்கோ. டாரியோ.'" பிறகு, "மனுசன் ஷேவ் எடுத்திட்டார் போல" என்றான்.

சரணியா இரண்டு தசத்தைக் கழித்தாள். பதினொரு நிலையத்துக்கும் திருத்தம் அனுப்பினாள், ரெனாட்டாவின் பெயரை முதலில் போட்டு.